குதிரைகள் போட்ட பாதை

பாசாவ் முதல் வியன்னா வரை: டான்யூப் நதிக்கரையில் ஒரு நெடும்பயணம்

டான்யூப் நதிக்கரையில் கிலோமீட்டர்தோறும் ஒரு பலகை நிற்கிறது. ஜெர்மனியின் பாசாவ் நகரில் அது 2,226-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில், ரைஷ்ஸ்ப்ரூக்கெ பாலத்தருகே, 1,929 ஆக இறங்கியிருக்கும். ஆற்றோடு சேர்ந்து கீழே போகப் போக எண் குறைகிறது. டான்யூபை ஊற்றுக்கண்ணிலிருந்து அளப்பதில்லை. கருங்கடலில் அது கலக்கும் சுலினா முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி அளக்கிறார்கள். கடலிலிருந்து சரக்கோடு ஏறிவரும் கப்பல்காரருக்கு உதவும் கணக்கு அது. சைக்கிளில் போகிறவருக்கு அந்தப் பலகைகளால் பெரிய பயன் இல்லை. ஆனால் இந்தக் கரை யாருக்காக உண்டானது என்பதை அவை வழிநெடுக நினைவூட்டுகின்றன.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவுக்கு, பெரும்பாலும் ஆற்றின் இரு கரைகளிலும் தார் போட்ட பாதை ஓடுகிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இதில் சைக்கிள் மிதிக்கிறார்கள். பின்சக்கரத்தில் மூட்டை கட்டிய மாணவர்கள், குழந்தையை இழுவண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகும் பெற்றோர், எழுபதைத் தாண்டிய தம்பதிகள் எல்லோரும் இங்கே உண்டு. பிரான்சின் நாந்த் நகரத்தருகே அட்லாண்டிக் கரையில் தொடங்கிக் கருங்கடல் வரை போகும் 'யூரோவேலோ 6' என்ற நெடும்பாதையில், மிகவும் பேர்பெற்ற துண்டு இதுதான்.

ஆற்றங்கரை என்றதும் கரையைக் கான்கிரீட்டால் மெழுகி, விளக்குக் கம்பம் நட்டு, நடைமேடை கட்டி முடித்துவிடுவது இன்று பல நகரங்களின் வழக்கம். அந்த நடைமேடையில் நிற்பவருக்கு ஆறு ஒரு காட்சிப்பொருள், அவ்வளவுதான். டான்யூப் பாதை அப்படிப் பிறந்ததல்ல. சரக்கு இழுக்கவும், அணை கட்டவும், வெள்ளத்தைத் தடுக்கவும், சில இடங்களில் அணை கட்டாமல் விடவும் மனிதர்கள் எடுத்த முடிவுகள்தான் இங்கே பாதையாகக் கிடக்கின்றன. அதனால்தான் இதில் போகிறவருக்கு ஆற்றைப் பற்றிய அறிவு தானாக வந்து சேர்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கயிறும் குளம்பும்

ரயிலும் நீராவிக் கப்பலும் வருவதற்கு முன்பு, இந்த ஆற்றில் கீழே போவது எளிது, மேலே வருவது பெரும்பாடு. மலைநாட்டு உப்பை ஏற்றிக்கொண்டு மரப்படகுகள் நீரோட்டத்தோடு இறங்கிவிடும். உல்ம் நகரிலிருந்து புறப்பட்ட தட்டைப் படகுகள் பலவற்றை வியன்னாவில் பலகை பலகையாகப் பிரித்து மரமாகவே விற்றுவிடுவார்கள். திரும்பக் கொண்டுவரும் செலவுக்கு அது மேல். ஆனால் ஹங்கேரியின் தானியமும் கீழ்நாட்டு ஒயினும் மேலே வந்தாக வேண்டுமே? ஒன்றன்பின் ஒன்றாகப் பல படகுகளைப் பிணைத்து, கரையில் குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். பெரிய தொடராக இருந்தால் 30 முதல் 60 குதிரைகள் வரை வேண்டும். ஒவ்வொரு குதிரைமேலும் ஓர் ஆள். முன்னால் போகிறவர் நீண்ட கழியால் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்துச் சொல்வார். கால் வழுக்கினால் குதிரையோடு ஆளையும் வெள்ளம் கொண்டுபோகும். கீழே சில நாட்களில் போன தூரம் மேலே வரும்போது வாரக்கணக்கில் நீளும்.

அந்தக் குதிரைகள் நடந்து நடந்து உண்டான கரைத்தடத்துக்கு 'ட்ரெப்பெல்வெக்' என்று பெயர். இன்றைய சைக்கிள் பாதையின் பெரும்பகுதி அந்தத் தடத்தையே பின்பற்றுகிறது.

இந்தப் பாதையில் மேடே இல்லாததன் ரகசியமும் இதுதான். இழுகயிறு படகுக்கும் குதிரைக்கும் நடுவே நீர்மட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பாறைமேல் ஏறி, குன்றைச் சுற்றி, ஆற்றைவிட்டு விலகிப் போனால் கயிறு மரத்தில் சிக்கும், பாறையில் அறுபடும். ஆகவே ஆறு வளையும் இடமெல்லாம் தடமும் வளைந்தது, ஆறு தாழும் அளவுக்குத் தடமும் தாழ்ந்தது. பாசாவிலிருந்து வியன்னா வரை ஆறு மொத்தமாக இறங்கும் உயரம் 150 மீட்டருக்கும் குறைவு. சைக்கிள் பழகாத முழங்கால்களும் இங்கே தப்பித்துக்கொள்வது குதிரைகளின் புண்ணியம். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், பெரும்பாலோர் பாசாவில் தொடங்கிக் கிழக்கே போகிறார்கள்.

1829-இல் டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே 'ஃப்ரான்ஸ் 1' என்ற நீராவிக் கப்பல் வியன்னாவுக்கும் புடாபெஸ்ட்டின் பெஸ்ட் கரைக்கும் இடையே ஓடியது. குதிரைகளின் காலம் அதோடு சரியத் தொடங்கியது. தடம் மட்டும் அழியவில்லை. ஆற்றைக் கண்காணிக்கிறவர்களும் கரையைப் பழுதுபார்க்கிறவர்களும் அதில் போய்வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கதவணைகள் கட்டியபோது நீர்மட்டம் உயர்ந்தது. பழைய தடம் பல இடங்களில் தண்ணீருக்குள் போயிற்று. கரைகளை உயர்த்திப் புதிய பராமரிப்புச் சாலைகள் போட்டார்கள். லாரியும் பளுதூக்கியும் போவதற்காகப் போட்ட சாலை அது. 1980-களின் தொடக்கத்தில்தான் அது படிப்படியாகச் சைக்கிள்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரசு நிறுவனமான வியாடோனாவ்தான் இன்று நீர்வழியைப் பராமரிக்கிறது. இப்போதும் சில இடங்களில் அதன் வண்டி எதிரே வரும், சைக்கிள்கள் ஒதுங்கி வழிவிடும். கரை இன்னமும் வேலைக்குரிய கரைதான்.

மூன்று நிறத் தண்ணீர்

பாசாவ் மூன்று ஆறுகள் கூடும் ஊர். தெற்கே ஆல்ப்ஸ் பனியாறுகளின் மாவுபோன்ற வண்டலைச் சுமந்து வெளிறிய பச்சையில் இன் ஆறு வருகிறது. வடக்கே சதுப்புக் காட்டின் சாரத்தோடு கறுத்த நிறத்தில் இல்ஸ் வருகிறது. நடுவில் டான்யூப். கூடிய பிறகும் கொஞ்ச தூரத்துக்கு மூன்று நிறமும் தனித்தனியே ஓடுவதைக் கோட்டைமேலிருந்து பார்க்கலாம். சராசரியாகப் பார்த்தால் இந்த இடத்தில் இன் ஆறு கொண்டுவரும் தண்ணீர்தான் டான்யூபின் தண்ணீரைவிட அதிகம்.

அந்த ஊரின் நகர்மன்றக் கோபுரச் சுவரில் வெள்ளம் தொட்ட உயரங்களைக் கோடு கிழித்து ஆண்டு பொறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூன் 3-ஆம் தேதி தண்ணீர் 12.89 மீட்டர் வந்தது. 1501-க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. பயணத்தைத் தொடங்குமுன் அந்தச் சுவர்முன் சிறிது நேரம் நிற்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன். அடுத்த பல நாட்களுக்குக் கூடவே வரப்போகும் சாதுவான தண்ணீரின் இன்னொரு முகம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

பாசாவைத் தாண்டியதும் ஆறு காட்டுமலைகளுக்கு நடுவே நுழைகிறது. ஷ்லோகன் என்ற இடத்தில் கருங்கல் மலை குறுக்கே நிற்க, ஆறு ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பி, மறுபடி வளைந்து வெளியேறுகிறது. வடகரையில் சரிவு செங்குத்தாக ஆற்றில் இறங்குவதால் அங்கே பாதை அறுந்துபோகிறது. அந்த இடைவெளியைக் கடக்கச் சைக்கிளோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு, கரைக்குக் கரை போகாமல் கரையோரமாகவே நீளவாக்கில் ஒரு சிறு படகு போகிறது. மலையைக் குடைந்து பாதை போட ஆஸ்திரியாவிடம் பணமும் பொறியாளர்களும் இல்லாமலா? போடாமல் விட்டதே அழகு. நடந்து போகிறவர்கள் மேலேறிப் பாறை முனையிலிருந்து முழு வளைவையும் பார்க்கலாம். அப்படி நடப்பவர்களுக்காக 'டோனாவ்ஸ்டைக்' என்ற 450 கி.மீ. நடைபாதை 2010 முதல் இருக்கிறது. பாசாவிலிருந்து கிரைன் வரை மலைச்சரிவுகளில் ஏறி இறங்கிப் போவது அது. கால்வலுவும் நேரமும் உள்ளவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சொந்தச் சைக்கிள் வேண்டாம், பாசாவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். வியன்னாவில் ஒப்படைக்கும் ஏற்பாடும் உண்டு. பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கரையை ஒட்டிப் பல ஊர்களில் ரயில் நிலையம் இருப்பதால், மழை பிடித்துக்கொண்டால் சைக்கிளோடு ஏறிவிடலாம். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம்.

இரும்பும் கல்லும்

லின்ஸ் நகரத்தில் வானியலாளர் கெப்ளர் 1612 முதல் 1626 வரை வாழ்ந்தார். ஆனால் கிழக்கே போகும்போது கண்ணில் நிறைவது அங்குள்ள உருக்காலை. உருக்கிய இரும்பின்மேல் தூய ஆக்சிஜனை ஊதி எஃகாக்கும் முறை 1952-இல் இங்கேதான் ஆலை அளவில் நடைமுறைக்கு வந்தது. லின்ஸ், டோனாவிட்ஸ் என்ற இரண்டு ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு எல்.டி. முறை என்று பெயர். இந்தியாவின் ரூர்கேலா ஆலையும் அதே முறையில்தான் தொடங்கியது. இன்று உலகின் பெரும்பகுதி எஃகு இந்த வழியில் வந்தது. அந்த ஆலையை 1938-இல் நிறுவியவர்கள் நாஜிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏனென்றால் சற்றுக் கீழே மௌத்தௌசன் இருக்கிறது.

சைக்கிள் பாதை மௌத்தௌசன் ஊரின் ஆற்றோர வீடுகளுக்கு முன்னால் அமைதியாகப் போய்விடும். அங்கிருந்த நாஜி வதைமுகாமைப் பார்க்க வேண்டுமானால் பாதையைவிட்டு விலகி மலைமேல் ஏறவேண்டும். இந்தப் பயணத்தில் மூச்சிரைக்க வைக்கும் ஏற்றம் அது. அங்கிருந்த கருங்கல் சுரங்கம் வியன்னா நகராட்சிக்குச் சொந்தமானது. வியன்னாவின் தெருக்களுக்கு இங்கிருந்து கல் போயிருக்கிறது. அந்தக் கல்லுக்காகவே நாஜிகள் இடத்தைப் பிடித்தார்கள். 1938 ஆகஸ்டில் டாகாவ் முகாமிலிருந்து முதல் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 1945 மே 5-இல் அமெரிக்கப் படை வந்து விடுவிக்கும்வரை மௌத்தௌசனிலும் அதன் கிளை முகாம்களிலும் ஏறக்குறைய 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் கொல்லப்பட்டார்கள். சுரங்கத்திலிருந்து மேலேறும் 186 படிகளில் கைதிகளைக் கற்பாளம் சுமந்து ஏறவைத்தார்கள். விழுந்தவர்கள் மீண்டும் எழவில்லை.

பல சுற்றுலா ஏடுகள் இந்த இடத்தை 'விரும்பினால் பார்க்கலாம்' என்ற வரிசையில் வைக்கின்றன. நான் அப்படி வைக்கமாட்டேன். இந்த ஆற்றங்கரையின் கல்லைப் பற்றிப் பேசிவிட்டு அதைச் சுமந்தவர்களைப் பேசாமல் கடந்துபோவது தகாது. அரைநாள் ஒதுக்கி ஏறிப்போக வேண்டும். திரும்பி இறங்கிய பிறகு அன்று வேறெதையும் பார்க்காமல் இருப்பதே நல்லது.

ஓடாத ஆறும் ஓடும் ஆறும்

கிரைன் என்ற சிற்றூரில் 1791-இல் ஊர்மக்கள் கட்டிய நாடக அரங்கு இருக்கிறது. நாற்காலிகளை மடித்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடும் வசதி அதில் உண்டு. இந்த ஊருக்கு வருமானம் தந்தது ஆற்றின் ஆபத்து. கீழே ஸ்ட்ரூடன்காவ் பள்ளத்தாக்கில் பாறைகளும் நீர்ச்சுழிகளும் படகுகளை விழுங்கிக்கொண்டிருந்தன. வழி தெரிந்த உள்ளூர்ப் படகோட்டி ஏறாமல் யாரும் அந்த இடத்தைக் கடக்கத் துணியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சுழியை உண்டாக்கிய பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிச்சமிருந்தவை 1959-இல் முடிந்த இப்ஸ்-பெர்சன்பொய்க் கதவணையின் தேக்கத்தில் மூழ்கின. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் அசையாத கண்ணாடி. கிரைன் இப்போது வேறொரு திறமையால் பேர்பெற்றது: வெள்ள அறிவிப்பு வந்ததும் ஊரின் முன்னால் தூண்களை நட்டு, அவற்றுக்கிடையே அலுமினியப் பலகைகளை அடுக்கிச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். 2013-இல் அந்தச் சுவரின் மேல்விளிம்பை ஒட்டித் தண்ணீர் நின்றது, ஊர் தப்பியது.

பாசாவ் முதல் வியன்னா வரை இப்படி 10 கதவணைகள். ஒவ்வொன்றிலும் மின்சாரம், ஒவ்வொன்றிலும் கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பெட்டி. சில அணைகளின் முதுகின்மேல் சைக்கிள் பாதையே ஆற்றைத் தாண்டுகிறது. ஆஸ்திரியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு ஆறுகளிலிருந்து கிடைக்கிறது, கரியைக் கொளுத்தாமல். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் மூன்று, நான்கு நாள் கரையோரம் போனபிறகு ஒன்று புலப்படும்: நாம் ஆற்றின் ஓரமாகப் போகவில்லை, ஏரிக்குப் பின் ஏரியாகக் கடந்துகொண்டிருக்கிறோம். உதிர்ந்த இலை தண்ணீரில் நகர்வது தெரியாது. அணைக்கு மேலே வண்டல் படிகிறது. அணைக்குக் கீழே கூழாங்கல் வராமல் படுகை அரிக்கிறது.

தேங்கிய ஆற்றுக்கும் ஓடும் ஆற்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் இடம், மெல்க் அணையைத் தாண்டியதும் தொடங்கும் வாஹாவ். பாறைமேல் மெல்க் மடம் மஞ்சள் நிறத்தில் நீண்டு நிற்கிறது. பெனெடிக்ட் துறவிகள் 1089-இலேயே வந்த இடம். இப்போதுள்ள கட்டடத்தை யாகோப் ப்ராண்டவுவர் 1702-இல் தொடங்கினார். அங்கிருந்து கிரெம்ஸ் வரை 36 கி.மீ. பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆறு இங்கே உண்மையிலேயே ஓடுகிறது. கூழாங்கல் திட்டுகள் வெளியே தெரிகின்றன. தண்ணீர் அவற்றை உரசிக்கொண்டு போகும் சத்தம் பாதைவரை கேட்கிறது.

இது தற்செயல் அல்ல. இங்கேயும் ஓர் அணை கட்டத் திட்டம் இருந்தது. 1970-களின் தொடக்கத்திலிருந்து வாஹாவ் மக்கள் கூடிப் போராடி அதைத் தடுத்தார்கள். அணை வந்திருந்தால் இந்தத் திட்டுகளும் கரையோர ஊர்களின் முகமும் போயிருக்கும்.

ஓடும் ஆறு தரும் கொடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இங்குள்ள மிதவைத்தோணி. ஸ்பிட்ஸிலிருந்து எதிர்க்கரை ஆர்ன்ஸ்டோர்ஃபுக்கும், வைசன்கிர்ஹனிலிருந்து செயின்ட் லோரென்ஸுக்கும் அது போய்வருகிறது. தோணியில் எஞ்சின் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்புக் கயிறு. அதில் ஓடும் உருளையிலிருந்து இறங்கும் இன்னொரு கயிறு தோணியைப் பிடித்திருக்கிறது, காற்றில் பறக்கும் பட்டத்தை நூல் பிடித்திருப்பதுபோல. தோணிக்காரர் சுக்கானைத் திருப்பித் தோணியைச் சற்றுச் சாய்க்கிறார். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகிறது. கார்களையும் சைக்கிள்களையும் சுமந்துகொண்டு தோணி அக்கரை போய்ச் சேர்கிறது. திரும்பி வரச் சுக்கானை மறுபக்கம் திருப்பினால் போதும். டீசல் இல்லை, புகை இல்லை.

வாஹாவில் வலதுகரையே என் தேர்வு. இடதுகரையில் நெடுஞ்சாலையும் பேர்பெற்ற ஊர்களும் இருக்கின்றன. வலதுகரையில் பாதை பழத்தோட்டங்களுக்குள் போகிறது. மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் ஆப்ரிகாட் பூக்கும், ஜூலையில் பழம் வரும். வீட்டுவாசல்களில் கூடை வைத்து விற்பார்கள். பழத்தை மாவில் பொதிந்து வேகவைத்து, வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தரும் உருண்டை ஒன்று உண்டு. சைவ உணவுக்காரர்கள் அதை நம்பி ஒரு மதியத்தைத் தள்ளிவிடலாம். எதிர்ச்சரிவில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய படிக்கட்டுத் தோட்டங்களில் திராட்சை. சரிவு செங்குத்தாக இருப்பதால் பல இடங்களில் இன்னும் கையால்தான் பறிக்க வேண்டும். விளைவித்தவரே தன் ஒயினைத் தன் வீட்டில் விற்கும் உரிமையை 1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் ஆணையிட்டுத் தந்தார். வாசலில் தழைக்கொத்து தொங்கினால் அன்று அந்த வீடு திறந்திருக்கிறது என்று பொருள்.

இடையிடையே தோணியேறி இடதுகரைக்கும் போகவேண்டும். வில்லன்டோர்ஃப் அங்கேதான். 1908 ஆகஸ்ட் 7-இல் அகழாய்வில் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் சிலை கிடைத்தது. ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமை. அந்தச் சுண்ணாம்புக்கல் இந்த ஊரைச் சேர்ந்ததல்ல, வட இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கத்துக் கல்லோடு ஒத்துப்போகிறது என்று 2022-இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். கல்லோ சிலையோ, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து தலைமுறை தலைமுறையாக மனிதர் கைமாறி இந்த ஆற்றங்கரைக்கு வந்திருக்கலாம். கீழே டூர்ன்ஸ்டைன். சிலுவைப்போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடித்து, இங்குள்ள கோட்டையில் அடைத்துவைத்தார் ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்ட். மீட்புத்தொகையாக வந்த வெள்ளியில் தன் பங்கைக் கொண்டு வீனர் நொய்ஷ்டாட் என்ற நகரத்தைக் கட்டினார்.

எரியாத உலை

கிரெம்ஸுக்குக் கீழே நிலம் விரிந்து தட்டையாகிறது. வேகமாக மிதிக்கத் தோன்றும். ஆனால் தென்கரையில், ஸ்வென்டென்டோர்ஃபில், பாதையை ஒட்டி நிற்கும் ஒரு பெரிய சாம்பல்நிறக் கட்டடத்துக்கு முன்னால் இறங்கியே ஆகவேண்டும். ஆஸ்திரியாவின் முதல் அணுமின் நிலையம் அது. முழுவதும் கட்டி முடித்தார்கள், ஒருநாளும் இயக்கவில்லை. பிரதமர் ப்ரூனோ க்ரைஸ்கி முடிவை மக்களிடம் விட்டார். 1978 நவம்பர் 5-இல் நடந்த வாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஏறக்குறைய 32 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 30,000-க்கும் குறைவு. அவ்வளவு சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அணுமின்சாரத்தைத் தடைசெய்யும் சட்டமே வந்துவிட்டது. இப்போது அந்த வளாகத்தில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன.

அணுமின்சாரம் வேண்டும் என்போருக்கும் வேண்டாம் என்போருக்கும் இங்கே யோசிக்க இடமுண்டு. என்னை நிறுத்துவது வேறு. பெரும்பணம் செலவிட்டுக் கட்டிய ஒன்றை, கட்டிவிட்டோமே என்பதற்காக மட்டும் இயக்காமல் இருக்க ஒரு நாட்டால் முடிந்திருக்கிறது.

டுல்ன் ஓவியர் ஏகோன் ஷீலெ பிறந்த ஊர். 1890-இல் அங்குள்ள ரயில் நிலையத்தில்தான் பிறந்தார், தந்தை நிலைய அதிகாரி. கொஞ்சம் தள்ளி, குளோஸ்டர்நொய்பூர்க்கை அடுத்த கீர்லிங்கில் 1924-இல் எழுத்தாளர் காஃப்கா காசநோயால் இறந்தார். அதன்பின் வியன்னா வந்துவிடுகிறது.

வியன்னாவில் பாதை ஒரு தீவின்மேல் ஏறுகிறது. 21 கி.மீ. நீளம், அகலமான இடத்திலும் 250 மீட்டர் தாண்டாத தீவு. இயற்கை தந்ததல்ல. 1954-இன் வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தைக் காக்க இரண்டாவதாக ஒரு கால்வாய் வெட்ட முடிவெடுத்தார்கள். 1972 முதல் 1988 வரை வேலை நடந்தது. வெட்டியெடுத்த மண்ணை நடுவில் கொட்டியதில் உண்டானதுதான் டோனாவ்இன்செல். இரண்டு கால்வாய்களுமாக நொடிக்கு 14,000 கன மீட்டர் வெள்ளத்தைத் தாங்கும். 2013-இல் 11,000 வந்தது, நகரம் பிழைத்தது. வெள்ளமில்லாத நாட்களில் அந்தத் தீவு முழுவதும் வியன்னாக்காரர்களின் சொத்து. கோடைகாலத்தில் வேலை முடிந்ததும் மெட்ரோ ரயிலில் வந்து இறங்கி நீந்துகிறார்கள். நுழைவுக்கட்டணம் கிடையாது, வேலி கிடையாது. தலைநகரத்தின் நடுவே இவ்வளவு நீண்ட கரையை விற்காமல் வைத்திருப்பதற்காகவே வியன்னா நகராட்சியைப் பாராட்ட வேண்டும்.

வியன்னாவுக்குக் கிழக்கே

பெரும்பாலோர் வியன்னாவில் சைக்கிளை ஒப்படைத்துவிடுகிறார்கள். இன்னும் ஒருநாள் இருந்தால் ஸ்லோவாக்கியாவின் ப்ராட்டிஸ்லாவா வரை, ஏறக்குறைய 65 கி.மீ., போகவேண்டும் என்பது என் கட்சி.

அந்த வழியில், ஹைன்பூர்க் அருகே ஆற்றோரச் சதுப்புக்காட்டில் அணை கட்ட அரசு முடிவுசெய்திருந்தது. 1984 டிசம்பரில் மரம் வெட்டத் தொடங்கும் நேரம், ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் போய்க் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். பனி, உறைகுளிர். டிசம்பர் 19-இல் போலீஸ் தடியடி நடத்தியது. நாடெங்கும் கோபம் எழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே பிரதமர் ஃப்ரெட் சினோவாட்ஸ் வேலையை நிறுத்திவைத்தார், அது மறுபடி தொடங்கவில்லை. 1996-இல் அந்தக் காடு டோனாவ்-ஆவன் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆஸ்திரிய டான்யூபில் இன்று தடையின்றி ஓடும் துண்டுகள் இரண்டே: ஒன்று வாஹாவ், மற்றது இது.

பூங்கா அமைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. மேலேயுள்ள அணைகள் கூழாங்கல்லைப் பிடித்துவைத்துக்கொள்வதால், கீழே படுகை ஆழமாகிக்கொண்டே போகிறது. ஆறு தாழ்ந்தால் காட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் வியன்னாவின் கடைசி அணைக்குக் கீழே ஆண்டுதோறும் சரளைக்கல்லைக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள். ஹைன்பூர்க்குக்கு எதிர்க்கரையில், 19-ஆம் நூற்றாண்டில் கரையைக் கட்டிப்போட்ட கற்களைச் சில கிலோமீட்டருக்குப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஆறு தன் விருப்பப்படி கரையை அரித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அரிந்த செங்குத்து மண்கரையில் மீன்கொத்திகள் வளை தோண்டுகின்றன.

இந்தப் பகுதியில் சைக்கிள் பாதை ஆற்றைவிட்டு விலகி, வெள்ளத்தடுப்பு மேட்டின்மேல் நேர்கோட்டில் போகிறது. பல கிலோமீட்டருக்கு ஆறு கண்ணில் படாது. இருபுறமும் காடும் புல்வெளியும்தான். சலிப்பூட்டும் பாதை என்று பலர் குறைபடுகிறார்கள். எனக்கு அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. மேலே 300 கிலோமீட்டருக்கு ஆற்றின் விளிம்பை நம் வசதிக்கு எடுத்துக்கொண்டோம், இங்கே அதை ஆற்றிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆற்றைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் ஓர்த் என்ற ஊரில் இறங்குங்கள். அங்குள்ள கோட்டையில் பூங்காவின் காட்சியகம் இருக்கிறது. சைக்கிளைப் பூட்டிவிட்டுக் காட்டுத்தடத்தில் நடந்தால் கரை வரும். படகில் ஏற வாய்ப்புக் கிடைத்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைப் படகின் தரையில் வையுங்கள். தண்ணீரோடு போகும் நுண்மணல் அடிப்பலகையை உரசும் சீறலைக் கேட்கலாம்.